ஆடிக் காற்றில் ஆட்டுக்குத் தீனி: ஆலங்குளம் பக்கம் ஒரு செவக்காடு

மரம் வைத்தால் பணம் வரும் என்று நம் பக்கம் அடித்த அலைகள் கொஞ்சமில்லை. தேக்கு வந்தது, அப்புறம் மலைவேம்பு வந்தது, இப்போது சந்தனமும் செம்மரமும் பேச்சாக இருக்கிறது. எல்லாவற்றிலும் கணக்கு ஒன்றுதான்: நடு, காத்திரு, வெட்டி விற்று மொத்தமாக எடுத்துக்கொள். வாய்க்கால் தண்ணீரும் வேறு வருமானமும் இருப்பவருக்கு அது ஒத்துவரலாம். வானம் பார்த்த செவக்காட்டில், உளுந்தையும் ஆட்டையும் நம்பி வீட்டுச் செலவு ஓடுகிற குடும்பத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. அப்படிப்பட்ட ஒரு குடும்பம் மரத்தை வேறு கணக்கில் எடுத்தது. வெட்டி விற்கிற கணக்கு இல்லை. ஆனி ஆடியில் ஆடு எதைத் தின்னும் என்கிற கணக்கு. அந்தக் காட்டை ஆரம்பத்திலிருந்து பார்த்து வருகிறவன் என்ற முறையில், நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அண்ணாச்சி, மதினி என்றே எழுதுகிறேன்.

நிலமும் காற்றும்

ஆலங்குளத்துக்கும் சுரண்டைக்கும் நடுவில் ஏழு ஏக்கர், முழுக்கச் செவல், அதாவது செம்மண். 2019-ல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமானதும் ஆலங்குளம் அந்தப் பக்கம் போய்விட்டது, ஆனாலும் நல்ல கிடா விற்க வேண்டுமென்றால் இவர்கள் வண்டி பிடிப்பது திருநெல்வேலி மேலப்பாளையம் சந்தைக்குத்தான். ஒரு பழைய கிணறு உண்டு. நல்ல மழை பெய்த வருஷத்தில் மாசி வரைக்கும் தண்ணீர் நிற்கும், அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. கிணற்றை ஒட்டி ஒரு ஏக்கரில் உள்ளியும் (சின்ன வெங்காயம்) மிளகாயும். மீதி மானாவாரி: உளுந்து, கொஞ்சம் எள்ளு, தட்டைப்பயறு, ஆட்டுக்கு நாற்றுச் சோளம்.

இந்தப் பக்கத்து விவசாயத்தைப் புரிந்துகொள்ள மழையை மட்டும் பார்த்தால் போதாது, காற்றைப் பார்க்க வேண்டும். மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வைகாசிக் கடைசியில் கிளம்பி, மலைக்கு மேற்கே கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியாக வெறும் காற்றாக இந்தச் சமவெளிக்குள் நுழைகிறது. குற்றாலத்தில் சாரல் விழுந்து ஊரே குளிக்கப் போகிற நாளில், இருபது முப்பது கிலோமீட்டர் கிழக்கே இருக்கிற இந்தக் காட்டில் செம்மண் பறக்கும். கயத்தாறிலும் முப்பந்தலிலும் காற்றாலைகளை வரிசை வரிசையாக நட்டது இந்த மாதிரிக் கணவாய்க் காற்றை நம்பித்தான். ஆலைக்காரருக்கு அது வருமானம். விவசாயிக்கோ அது மண்ணின் ஈரத்தை உறிஞ்சுவது, மிளகாய்ப் பூவை உதிர்ப்பது, முருங்கைக் கிளையை முறிப்பது. ஆவணி வரைக்கும் இப்படித்தான்.

ஆட்டுக்கும் அதே மாதங்கள்தான் கஷ்ட காலம். தை, மாசியில் அறுத்த காட்டில் தட்டை மேய்ச்சல் இருக்கும். பங்குனி, சித்திரையில் வெள்வேல், கருவேல் நெற்று விழும். வைகாசி தாண்டினால் தரையில் ஒன்றும் இருக்காது.

முன்னால் என்ன இருந்தது

மூன்று ஏக்கர் சீமை உடை (சீமைக் கருவேலம்) அடைந்து கிடந்தது. அண்ணாச்சியின் அப்பா இறந்த பிறகு ஆள் இல்லாமல் விட்டதில் வந்த அடைசல். மிச்ச நிலத்தில் வரப்போரம் பழைய பனைகள், தானாக முளைத்த வேம்பு, நம்ம ஊர்க் குடை மாதிரி விரிந்து நிற்கிற நாட்டு உடை சில, ஒரு புளி. ஆடு பத்துக்குள். மதினி பகலெல்லாம் பீடி சுற்றுவார். ஆலங்குளம், முக்கூடல் பக்கம் அது இல்லாத வீடு குறைவு.

முதலில் சீமை உடையை இயந்திரம் வைத்துத் தோண்டினார்கள். விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் போனதில் தோண்டின கூலியில் பெரும்பகுதி திரும்பி வந்தது. அந்த மூன்று ஏக்கரில் ஒரு ஏக்கருக்கு மலைவேம்பு நட்டதுதான் முதல் முயற்சி. கன்று விற்றவர் தண்ணீர் அதிகம் வேண்டாம், ஆறேழு வருஷத்தில் வெட்டலாம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். மலைவேம்பு தண்ணீர் கிடைத்தால் நன்றாக வளரும், அது உண்மை. வேகமாக வளர்கிற மரத்துக்குத் தண்டு அந்த அளவுக்குக் கெட்டிப்படாது, கோடையில் தண்ணீரும் இல்லை. இரண்டாவது ஆடியில் பாதிக்கு மேல் இடுப்பளவில் முறிந்து கிடந்தது. வெட்டி எறியாமல், முறிந்தது துளிர்த்தால் துளிர்க்கட்டும் என்று விட்டார்கள். துளிர்த்ததை ஆடு தின்றது. இந்தப் பண்ணையின் போக்கு மாறினது அங்கேதான் என்று நான் நினைக்கிறேன். மரம் என்றால் நேராக, உயரமாக, விற்கிற மாதிரி இருக்க வேண்டும் என்கிற எண்ணம் அந்த வருஷத்தோடு போய்விட்டது.

மேற்கு ஓரத்து வேலி

அதற்குப் பிறகு செய்த முதல் வேலை மேற்கு எல்லையில் வடக்கு தெற்காக ஒரு மர வரிசை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் தப்பு செய்கிற இடம் இது. காற்றைத் தடுக்க வேண்டும் என்றதும் சுவர் மாதிரி அடர்த்தியாக நடுகிறார்கள். சுவரில் மோதின காற்று மேலே ஏறி, அந்தப் பக்கம் சுழன்று விழும்; பயிர் அதில் இன்னும் மோசமாகப் படுக்கும். காற்றில் பாதி உள்ளே நுழைந்து வேகம் குறைந்து போக வேண்டும். அப்படி அமைந்த வரிசையின் பலன், மரத்தின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரைக்கும் நன்றாகத் தெரியும். ஆறு மீட்டர் உயர வரிசை என்றால் அறுபது மீட்டர் காடு.

இவர்கள் இருந்த பனைகளை அப்படியே விட்டார்கள். பனைக்கு நடுவில் வேம்பு, வேம்புக்கு நடுவில் நாட்டு உடை. கீழ்மட்டத்தில் தழைக்கு ஆகிற கிளைரிசிடியாவின் போத்துகளை, அதாவது வெட்டின கிளைத் துண்டுகளை, மழை தொடங்கினதும் ஊன்றினார்கள். பனை உயரத்தில் காற்றை வாங்குகிறது, நிழல் அதிகம் போடுவதில்லை, வேரும் பக்கத்துப் பயிரோடு பெரிதாகச் சண்டை போடுவதில்லை. அது காய்க்கப் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும் என்பதால் இன்று விதை போடுகிறவர்கள் குறைவு. இருக்கிற பனையைக் காப்பாற்றினாலே பெரிய விஷயம். 2021-ல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அறிவித்ததை நான் மனதார வரவேற்கிறேன், செங்கல் சூளைக்குப் போன பனைகளைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

மேற்கே பக்கத்துக் காட்டுக்காரருக்கு இந்த வரிசை பிடிக்கவில்லை. வேர் தன் நிலத்துக்குள் வருகிறது, காலை நிழல் தன் பயிரில் விழுகிறது என்றார். நியாயமான புகார்தான். எல்லையிலிருந்து பத்தடி உள்ளே தள்ளி நட்டிருக்கலாம், ஆனால் பழைய பனையும் வேம்பும் எல்லையிலேயே நின்றன. கடைசியில் அவர் பக்கம் சாய்கிற கிளையெல்லாம் அவர் வெட்டி அவர் ஆட்டுக்கே போட்டுக்கொள்ளலாம், அவர் பக்கம் வேரை அறுக்க வாய்க்கால் வெட்டினால் கூலியில் பாதி அண்ணாச்சி தருவார் என்று பேசி முடித்தார்கள். எல்லையில் மரம் வைக்க நினைக்கிற யாருக்கும் இந்தப் பேச்சு நடுவதற்கு முன்னால் நடக்க வேண்டும்.

புரட்டாசியில் கழிப்பு

காட்டுக்குள்ளே மரங்கள் கிழக்கு மேற்காக வரிசையில் நிற்கின்றன, வரிசைக்கு வரிசை டிராக்டர் தாராளமாகத் திரும்புகிற அளவு இடைவெளி. வேம்பு, வாகை, வெள்வேல், நடுநடுவே சவுண்டல் (சூபாபுல் என்கிற தீவன மரம்). ஏன் இந்தத் திசை? உளுந்து நிற்பது ஐப்பசியிலிருந்து தை வரைக்கும். அந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. மார்கழி நடுப்பகலில் நம் ஊரில் சூரியன் சுமார் 58 பாகை உயரத்தில் நிற்கும், அதாவது ஆறு மீட்டர் மரத்தின் நடுப்பகல் நிழல் வடக்கே நாலு மீட்டருக்குள் அடங்கிவிடும். கிழக்கு மேற்கு வரிசையில் காலையும் மாலையும் விழுகிற நீள நிழலில் பெரும்பகுதி வரிசையின் ஓரத்திலேயே படுத்துக்கொள்கிறது. வெயில் படாத பட்டை வடக்கு ஓரத்தில் மட்டும், அதுவும் எங்கே என்று தெரிந்த இடத்தில்.

அந்த நாலு மீட்டரையும் குறைக்க ஒரு வேலை இருக்கிறது, இந்தப் பண்ணையின் உயிர் அதில்தான். புரட்டாசியில், விதைப்புக்கு முன்னால், மரங்களைக் கழிக்கிறார்கள், அதாவது கிளைகளை வெட்டிவிடுகிறார்கள். நானும் கூட நின்றிருக்கிறேன். அண்ணாச்சி தொரட்டியோடு கீழே, கூலிக்கு வந்த மரமேறி மேலே. முக்கியமான இரண்டு மூன்று கிளையை விட்டுவிட்டு மற்றதெல்லாம் அரிவாளுக்குப் போகிறது, வெட்டு சாய்வாக இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கினால் மரம் உளுத்துவிடும். கீழே விழுந்த கிளையை மதினி அங்கேயே மூன்றாகப் பிரிக்கிறார்: இலையோடு இருக்கிற நுனி ஆட்டுக்கு, விரல் தடிமனுக்கு மேல் உள்ளது அடுப்புக்கு, முள் இருந்தால் தனியாக. முள் ஒன்றும் வீணாகாது. அதை வைத்துத்தான் அடுத்த மழையில் முளைக்கிற கன்றுகளைச் சுற்றிக் கட்டுகிறார்கள்.

மரம் அங்கே மொட்டையாகத்தான் நிற்கும். முதல் தடவை பார்த்து நான் முகம் சுளித்ததைக் கவனித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கும் தம்பி, தை கழியட்டும் பாருங்க" என்றார் மதினி. உளுந்துக்கு வெயில் வேண்டிய மாதங்களில் மரத்துக்கு இலை இல்லை. உளுந்து பிடுங்கின பிறகு, கோடையில், மரம் மறுபடி அடர்ந்து நிற்கிறது. அப்போது தரைக்கும் ஆட்டுக்கும் நிழல் வேண்டும், ஆனி ஆடியில் தழை வேண்டும். ஒரே மரத்தைப் பயிருக்கும் ஆட்டுக்கும் மாறி மாறிக் கொடுப்பது இப்படித்தான்.

புரட்டாசியில் கழித்த தழையும் அந்த நேரத்துக்கு ரொம்பப் பொருத்தம். காட்டில் பயிர் நிற்கும்போது ஆட்டை அவிழ்த்துவிட முடியாது, பட்டியில் கட்டித் தீனி போட்டாக வேண்டும். முப்பது கிலோ ஆடு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ உலர் எடைக்குச் சமமான தீனி தின்னும், பசுந்தழையாக என்றால் மூன்று நாலு கிலோ. இப்போது இருபது பெரிய ஆடுகள் என்றால் தினம் எழுபது கிலோ பக்கம். இந்தக் கணக்கைப் போடாமல் ஆடு வாங்குகிறவர்கள்தான் ஆடியில் அவசரமாக விற்கிறார்கள்.

கெட்டதும் சொல்ல வேண்டும்

மர ஓரத்தில் நாலைந்து சால் உளுந்து மெலிந்துதான் இருக்கிறது. வேர் சாப்பிடுகிறது. வரிசையிலிருந்து மூன்றடி தள்ளி இரண்டடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி வேரை அறுத்தார்கள், அதில் மழைத் தண்ணீரும் நின்று இறங்குகிறது. அதோடு ஓரச் சால்களில் உளுந்துக்குப் பதிலாக நாற்றுச் சோளம் விதைக்கிறார்கள். ஆனாலும் ஏக்கருக்கு உளுந்து மூட்டை முன்பைவிடக் குறைவுதான். உளுந்து விளைச்சலும் கூடும், மரமும் வளரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நஷ்டத்தை ஆடு ஈடுகட்டுகிறது, அவ்வளவுதான்.

சவுண்டல் தழையில் ஒரு வருஷம் பயந்துவிட்டார்கள். வெட்டினால் வேகமாகத் துளிர்க்கிறது, ஆடு ஆசையாகத் தின்கிறது, புரதமும் அதிகம். காற்று மாதங்களில் அதையே அள்ளிப் போட்டதில் இரண்டு பெட்டைக்கு ரோமம் கொத்தாக உதிர்ந்தது. சவுண்டலில் மிமோசின் என்கிற நச்சு இருக்கிறது. மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் வைத்துக்கொண்டால் பயமில்லை. இதைப் பற்றி ஒரு நல்ல விஷயம் உண்டு: ஹவாய் தீவு ஆடுகள் இதையே தின்று நன்றாக இருப்பதைப் பார்த்து, அவற்றின் இரைப்பையில் இந்த நச்சை உடைக்கிற நுண்ணுயிர் இருப்பதைக் கண்டுபிடித்து, 1980களில் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோய் அங்கே மாடுகளுக்குக் கொடுத்தார்கள். நமக்கு எளிய வழி கலந்து போடுவதுதான். மதினி இப்போது வேம்பு, வாகை, கிளைரிசிடியாவோடு கலந்தே போடுகிறார். கிளைரிசிடியாவின் வாடை ஆட்டுக்கு முதலில் பிடிக்காது. வெட்டி அரை நாள் வாடவிட்டுப் போட்டால் பழகிவிடுகிறது.

சீமை உடை போய்விட்டது என்று நினைத்தால் அது ஆட்டு வழியாகவே திரும்பி வருகிறது. தெருவோரத்து நெற்றைத் தின்றுவிட்டு வந்து ஆடு போடுகிற புழுக்கையில் விதை முளைக்கிறது. முதல் மழைக்குப் பிறகு காட்டைச் சுற்றி நடந்து, கன்றாக இருக்கும்போதே பிடுங்க வேண்டும். ஒரு வருஷம் விட்டால் மறுபடி இயந்திரம்தான்.

மயில். மரம் கூடினதும் மயிலும் கூடிவிட்டது. உளுந்து முளைக்கும்போதும் காய் முற்றும்போதும் அதைக் காத்து நிற்க ஒரு ஆள் வேண்டும், அதற்கு இவர்களிடம் இன்னும் நல்ல வழி இல்லை.

பணம் எங்கே வருகிறது

ஆடுகள் பெரும்பாலும் கன்னி ஆடு. திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கத்துச் சொந்த இனம், காலும் கழுத்தும் நீண்டு, இரட்டைக் குட்டி சாதாரணம். சினைக் காலம் ஐந்து மாதம். வறட்சியைத் தாங்கும் என்பதற்காகப் பட்டினி போடலாம் என்று அர்த்தமில்லை.

நம் பக்கம் கிடாவுக்கு நல்ல விலை கிடைப்பது கோயில் கொடை, அதாவது ஊர்க் கோயில் திருவிழாக் காலத்தில். சுடலைமாடனுக்கும் அம்மனுக்கும் சித்திரையிலும் ஆடியிலும் ஊர் ஊராகக் கொடை நடக்கிறது. வாங்க வருகிறவர் வாயால் பேசுவதற்கு முன்னால் கையால் முதுகைப் பிடித்துப் பார்ப்பார். முதுகெலும்பு கையில் தட்டினால் விலை அங்கேயே இறங்கிவிடும். ஆடிக் கொடை வருவதும் தீனி இல்லாத மாதத்தில்தான், அதனால்தான் முன்பெல்லாம் இவர்கள் வைகாசியிலேயே மெலிய ஆரம்பித்த கிடாவைப் பயந்து தள்ளிவிடுவார்கள். இப்போது ஆடி வரைக்கும் வைத்திருக்க முடிகிறது, காரணம் இரண்டு மாதத் தழையும், சித்திரையில் பொறுக்கிச் சாக்கில் கட்டிவைத்த வெள்வேல் நெற்றும், களத்தில் உளுந்து அடித்து மிஞ்சின பொட்டும். மரத்திலிருந்து வந்த வருமானம் எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். ஒரு மரத்தைக்கூட விற்கவில்லை.

சில்லறை வருமானமும் உண்டு. ஆனி ஆடியில் வேப்பமுத்து பொறுக்குகிறார்கள், மாசி பங்குனியில் புளி உலுக்குகிறார்கள். அடுப்புக்கு விறகு வாங்குவதில்லை. முன்பு உள்ளிக்கு எரு வண்டி வண்டியாக வெளியில் வாங்கியது நின்றுவிட்டது. பட்டியையே இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை நகர்த்திக் கட்டிப் புழுக்கையையும் மூத்திரத்தையும் மண்ணில் நேரே இறக்குகிறார்கள். வயல்பக்கம் கீதாரிகள், அதாவது ஆட்டு மந்தை மேய்க்கிறவர்கள், கிடை போடுகிற அதே வேலை, சின்ன அளவில்.

உழைப்பு எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மதினி பீடியை விட்டுவிட்டார், அது நல்லது என்று அவரே சொல்கிறார், புகையிலைத் தூசி நெஞ்சுக்கு ஆகவில்லை. ஆனால் தழை வெட்டிச் சுமப்பது தினசரி வேலை, லீவு கிடையாது. பண்ணை நடப்பதே அவர் உடம்பு தாங்குகிறவரைக்கும்தான் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. பிள்ளைகள் இருவரும் வெளியூர் வேலையில். மரங்களில் பாதியைப் பட்டிக்குப் பக்கத்திலேயே நட்டிருந்தால் சுமை குறைந்திருக்கும். இப்போது புதிதாக வைக்கிற சவுண்டலும் அகத்தியும் பட்டியைச் சுற்றித்தான்.

அரசு பக்கத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வேளாண் காடு வளர்ப்புக்கென்று தேசியக் கொள்கை வெளியிட்ட முதல் நாடு இந்தியா, 2014-ல். தமிழ்நாட்டில் பசுமைப்போர்வைத் திட்டத்தில் கன்றுகள் கிடைக்கின்றன. வாங்கலாம், ஆனால் பட்டியலில் இருப்பதில் பெரும்பகுதி தடிமரம். நம்ம ஊர் உடைக்கும் வெள்வேலுக்கும் கன்றுப் பையில் இடம் குறைவு. சந்தனம் வைக்க நினைப்பவர், பட்டா நிலமானாலும் வனத்துறை இல்லாமல் வெட்ட முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு வைக்கட்டும்.

இதே மாதிரி காடு இருப்பவருக்கு

முதல் வருஷம் கன்று வாங்கப் போக வேண்டாம். ஐப்பசி மழைக்குப் பிறகு காட்டைச் சுற்றி நடந்து, தானாக முளைத்த வேம்பு, உடை, வெள்வேல், வாகைக் கன்றுகள் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். பறவை போட்ட விதை நல்ல இடம் பார்த்துத்தான் முளைத்திருக்கும், வேரும் ஆழமாகப் போயிருக்கும். பையில் வளர்ந்த கன்று அந்த வேருக்கு ஈடாகாது. உழும்போது அவற்றை விட்டு உழச் சொல்லுங்கள், டிராக்டர்காரரிடம் முன்னாலேயே சொல்லி ஒரு குச்சி நட்டு வைத்தால்தான் நடக்கும். முள் கட்டுங்கள். வரிசை கோணலாக இருந்தால் இருக்கட்டும், இடைவெளி விட்ட இடத்தை மட்டும் அடுத்த மழையில் நடலாம்.

நுனிக் கொழுந்து ஆட்டு வாய்க்கு எட்டாத உயரம் போகும்வரை, மூன்று வருஷமாவது, அந்தப் பக்கம் வெள்ளாட்டை விடவே கூடாது. செம்மறி பெரும்பாலும் தரையில் மேயும், வெள்ளாடு பின்னங்காலில் நின்று பட்டையைக்கூட உரிக்கும். அந்த மூன்று வருஷம் ஆடு எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். அண்ணாச்சி பத்து ஆட்டோடுதான் அந்தக் காலத்தைத் தாண்டினார், இருபதாக்கினது முதல் கழிப்புத் தழையைக் கண்ணால் பார்த்த பிறகு.